மாணவர் மனநலம்: பள்ளிக்கு வெளியே யாரோடு, எப்படிக் கைகோப்பது?

நடுத்தர அளவுள்ள ஒரு பள்ளியின் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் 700 பேர் படிக்கிறார்கள். மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். மாணவர்களின் மனநலத்துக்காக வெளி அமைப்புகளோடு சேர்ந்து செயல்பட வேண்டும் என்று நிர்வாகம் சொல்லியிருக்கிறது. பொறுப்பு இவர் தலையில் விழுந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, யாரைச் சேர்ப்பது, பெற்றோரை எப்படிக் கொண்டுவருவது, எதில் எச்சரிக்கையாக இருப்பது என்று கேட்கிறார். அதோடு நிர்வாகத்துக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதித் தர வேண்டுமாம். அதில் என்ன எழுதுவது என்பதும் கேள்வி.

பள்ளிகளுக்கும் மனநல சேவைகளுக்கும் நடுவே ஓடுவதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

யாரைச் சேர்க்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டு தொடங்காதீர்கள். எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நான்கு தொண்டு நிறுவனங்களுக்குக் கடிதம் போகும், இரண்டு பேர் வருவார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும், போட்டோ எடுப்பார்கள். அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒரு சொற்பொழிவு நடக்கும். அடுத்த வருஷம் அந்த ஒப்பந்தம் எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். நீங்கள் முதலில் எழுதிப் பார்க்க வேண்டியது, கஷ்டப்படும் ஒரு பிள்ளை உங்கள் பள்ளியில் யார் கண்ணில் படுகிறது, அங்கிருந்து உதவி கிடைக்கும் இடம்வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்ற வழியை. அந்த வழி எங்கெங்கே அறுந்து கிடக்கிறதோ, அங்கேதான் உங்களுக்குக் கூட்டாளி வேண்டும். வேறெங்கும் வேண்டாம்.

பள்ளி தனியாகச் சமாளிக்க முடியாது என்பதற்குக் கணக்கே போதும். 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் 700 பேரில் அது 100 பேர். ஒரு நாளைக்கு வருகிற கவுன்சிலர் அன்றைக்கு ஐந்தாறு பேருக்கு மேல் உட்காரவைத்துப் பேச முடியாது. அமெரிக்கப் பள்ளி ஆலோசகர்கள் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒரு ஆலோசகர் என்று சொல்கிறது. அங்கேயே பெரும்பாலான மாநிலங்கள் அந்த அளவை எட்டவில்லை. இன்னொன்று, வாழ்நாளில் வரும் மனநலப் பாதிப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயும், பாதி 18 வயதுக்குள்ளேயும் தலைகாட்டிவிடுகின்றன. சிகிச்சைக்கு வருவதோ பெரும்பாலும் பல வருஷம் கழித்து. இடைப்பட்ட அந்தக் காலத்தில் பிள்ளை ஏதோ ஒரு வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

அதற்காக இந்த 100 பேரையும் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பயந்துவிடாதீர்கள். பலருக்கு வேண்டியது, திட்டாமல் காது கொடுத்துக் கேட்கிற ஒரு பெரியவர். சிலருக்கு வகுப்பில் நடக்கிற கேலி நின்றால் போதும். இன்னும் சிலருக்கு வீட்டில் இருக்கிற பணக்கஷ்டத்துக்கு ஒரு வழி பிறந்தால் பாதிப் பாரம் இறங்கும். மருத்துவரும் மருந்தும் கட்டாயம் வேண்டும் என்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அவர்களுக்குத் தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். இந்த நான்கு தேவைகளுக்கும் ஒரே கூட்டாளி போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, வழியை எழுதுவது எப்படி? ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பெண். திங்கட்கிழமை முதல் பீரியடில் வயிற்றுவலி என்று எழுந்து போகிறாள். இரண்டு மாதமாக இப்படி. சாப்பாட்டு நேரத்தில் தனியாக இருக்கிறாள். முன்பெல்லாம் கையெழுத்து அழகாக இருக்கும், இப்போது நோட்டில் பாதிப் பக்கம் காலி.

இதை முதலில் பார்த்தது யார்? அனேகமாக வகுப்பாசிரியர் இல்லை. ஓய்வறைப் பக்கம் இருக்கிற ஆயாவோ, வேன் டிரைவரோ, நூலகரோ, கூடப் படிக்கும் ஒரு தோழியோ பார்த்திருப்பார்கள். பார்த்தவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் அவரிடம் 'உங்களுக்கு எதற்கு இந்த வேலை' என்று கேட்காமல் இருப்பார்களா? சொல்லப்பட்டவர் அந்தப் பெண்ணோடு பேச இடம் இருக்கிறதா, அல்லது ஆசிரியர் அறையில் நான்கு பேர் காதில் விழும்படிதான் பேச வேண்டுமா? வீட்டுக்கு யார் போன் செய்வது, முதல் வாக்கியமாக என்ன சொல்வது? வெளியே அனுப்ப வேண்டும் என்றால் எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? அம்மா அன்று வேலைக்கு லீவு போட முடியுமா? போய்விட்டு வந்த பிறகு பள்ளிக்கு யார், என்ன சொல்வார்கள்? அடுத்த திங்கட்கிழமை அவள் வகுப்பில் நுழையும்போது என்ன மாறியிருக்கும்?

தலைமையாசிரியர், கவுன்சிலர், இரண்டு வகுப்பாசிரியர்கள், அலுவலகத்தில் ஒருவர், ஆயா, இவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஒரு மணி நேரம் போதும். 'தெரியாது' என்று பதில் வருகிற ஒவ்வொரு இடத்தையும் குறித்துவையுங்கள். நான் பார்த்தவரை மூன்று இடங்களில் வழி அறுகிறது. முதலில் பார்ப்பவர்களை யாரும் கேட்பதில்லை. மருத்துவமனையின் புறநோயாளி நேரமும் பள்ளி நேரமும் பெற்றோரின் வேலை நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. மூன்றாவதுதான் பெரிய பள்ளம்: அனுப்பிய பிறகு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரிவதில்லை. பள்ளி 'அனுப்பிவிட்டோம்' என்று நினைக்கும், மருத்துவமனை 'வரவில்லை' என்று நினைக்கும், பிள்ளை நடுவில் காணாமல் போயிருக்கும்.

முதல் பள்ளத்துக்கு வெளியாள் தேவையில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் நிரப்பத்தான் கூட்டாளி. ஆகவே நீங்கள் ஒரு மனநல அமைப்பிடம் போகும்போது, 'எங்களோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள்' என்று கேட்காமல், 'பள்ளி முடிந்து மாலையில் வாரம் இரண்டு மணி நேரம் உங்கள் ஆள் ஒருவர் எங்கள் பிள்ளைகளைப் பார்க்க முடியுமா? வந்தார்களா இல்லையா என்று மட்டும் எங்களுக்குச் சொல்ல முடியுமா?' என்று கேட்பீர்கள். இப்படிக் கேட்டால் முடியும், முடியாது என்று நேரான பதில் வரும். பொதுவாகக் கேட்டால் எல்லாரும் 'கண்டிப்பாகச் செய்யலாம்' என்பார்கள்.

அடுத்தது எதை நம்பிப் பணத்தையும் நேரத்தையும் போடுவது என்ற விஷயம். இங்கே நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அவை சொல்வது நாம் எதிர்பார்ப்பதிலிருந்து கொஞ்சம் வேறு மாதிரி இருப்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் சேஹர் என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். பள்ளியின் சூழலையே மாற்றுவது நோக்கம்: கேலியையும் அடியையும் குறைப்பது, மாணவர் பேச்சுக்கு இடம் கொடுப்பது, பிரச்சினை உள்ளவர்களோடு தனியே பேசுவது. ஒரு பகுதிப் பள்ளிகளில் இதை நடத்தியது, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர். இன்னொரு பகுதியில், இதற்காகவே அமர்த்திப் பயிற்சி கொடுத்த ஒரு சாதாரண ஆள். மனநலத்தில் பட்டம் பெற்றவர் கிடையாது. மூன்றாவது பகுதியில் அரசின் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்புகள் மட்டும். 2018-இல் வெளியான முடிவுகளின்படி, வெளியிலிருந்து வந்த அந்த ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சூழல் நன்றாகவே மேம்பட்டது; மனச்சோர்வும் கேலியும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில், அந்த மூன்றாவது பகுதிப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் சொல்லும்படி வித்தியாசமே இல்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை நான் எடுக்கவில்லை. பாடம், தேர்வு, பதிவேடு என்று ஏற்கெனவே கழுத்துவரை வேலை இருக்கிறவர் மேல் இன்னொன்றை ஏற்றினால் அது ஓரத்துக்குத் தள்ளப்படும். அதைவிட முக்கியமாக, மார்க் போடுகிறவரிடம், நேற்று வெளியே நிற்கவைத்தவரிடம், பிள்ளை மனம் திறந்து பேசுவது கஷ்டம். வெளியிலிருந்து வருகிற ஒருவருக்கு அந்தச் சுமை இல்லை. பள்ளி ஏன் வெளியாரோடு சேர வேண்டும் என்று நிர்வாகத்தில் யாராவது கேட்டால் இந்த ஆய்வையே பதிலாகச் சொல்லுங்கள்.

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள் பங்கெடுத்த இன்னொரு பெரிய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. தற்கொலை முயற்சியைக் குறைக்க மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஆபத்தில் இருப்பவர்களை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஒன்று. கேள்வித்தாள் வைத்து ஆபத்தில் உள்ளவர்களைச் சலித்தெடுத்து நிபுணரிடம் அனுப்புவது இன்னொன்று. மூன்றாவது, மாணவர்களையே உட்காரவைத்து, மனநலம் பற்றியும் நெருக்கடியில் என்ன செய்யலாம் என்பது பற்றியும் விவாதிக்கவும் நடித்துப் பார்க்கவும் வைப்பது. சில வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம்தான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மாணவர்களோடு நேரடியாகச் செய்த அந்த மூன்றாவது வழியில்தான் தற்கொலை முயற்சிகளும் கடுமையான தற்கொலை எண்ணங்களும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. மற்ற இரண்டிலும் தெளிவான பலன் தெரியவில்லை.

பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்களே மனக்குவிப்புப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) கற்றுத்தந்து பார்த்தார்கள். 2022-இல் வெளியான முடிவு: வழக்கமாகப் பள்ளியில் நடப்பதைவிட அது மேலானதாக இல்லை. ஆகவே யாராவது உங்களிடம் வந்து 'காலையில் பத்து நிமிடம் கண்ணை மூடச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு தொகுப்பை விற்றால், அடக்கத்தோடு மறுத்துவிடுங்கள். அமைதியாக இருப்பது நல்லதுதான்; அதைச் சிகிச்சை என்று நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: தினமும் அல்லது வாரா வாரம் பள்ளிக்குள் வந்துபோகிற, பிள்ளைகளுக்குப் பெயர் தெரிந்த ஒரு வெளியாள், ஒரு வருஷத்தில் வந்துபோகும் பத்து நிபுணர்களைவிட மேல். ஆசிரியர் பயிற்சி வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பயிற்சியின் எல்லையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். உளவியல் முதலுதவிக்கு, அதாவது நெருக்கடியில் இருப்பவருக்கு முதலில் கைகொடுப்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் 2011-இல் போட்ட கையேட்டில் மூன்றே செயல்கள்: பார், கேள், இணை. ஆசிரியருக்கும் ஆயாவுக்கும் வேன் டிரைவருக்கும் அது போதும். நோய்க்குப் பெயர் வைக்கிற வேலை அவர்களுடையதல்ல. ஆனால் 'இணை' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, எதோடு இணைப்பது என்று ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் கொடுக்காவிட்டால் அந்தப் பயிற்சி வீண்.

இனி யார் யார் என்று பார்க்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு கட்டாயம் வேண்டும். அவசரம் என்றால் அங்கேதான் போக வேண்டியிருக்கும். அங்கே ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகி வையுங்கள். துறைத்தலைவரைவிட அங்குள்ள மனநல சமூகப் பணியாளரின் நட்பு உங்களுக்கு அதிகம் உதவும். பக்கத்தில் உளவியல் அல்லது சமூகப் பணித் துறை உள்ள கல்லூரி இருந்தால் முதுகலை மாணவர்கள் களப்பயிற்சிக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். நல்ல வாய்ப்பு. இரண்டு நிபந்தனைகள் வையுங்கள்: அவர்களை மேற்பார்வை செய்கிற பேராசிரியர் வாரம் ஒரு முறையாவது அவர்களோடு உட்கார வேண்டும், வருடம் முடிந்து அவர்கள் போவதற்கு ஒரு மாதம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி, அடுத்து யார் என்று அறிமுகப்படுத்த வேண்டும். அப்பா விட்டுப்போன ஒரு பையனிடம் 'அக்கா இனிமே வர மாட்டாங்க' என்று கடைசி நாளில் சொல்வது பெரிய கொடுமை. குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவின் அலுவலர் யார் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டுக் குழுக்கள், பொது நூலகம், இசை, நாடகம் சொல்லித்தருகிறவர்கள், இவர்களையெல்லாம் யாரும் மனநலக் கூட்டாளிகளாக நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன்.

அதற்கு ஐஸ்லாந்து சாட்சி. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்துப் போதையேறியதாகச் சொன்னார்கள். 2016-இல் அது 5 சதவீதம். அறிவுரையால் இது நடக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் தொடர்ந்து கருத்துக்கணிப்பு எடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் பள்ளிக்கும் அதனதன் முடிவைச் சில மாதங்களுக்குள்ளேயே கையில் கொடுத்தார்கள். உள்ளாட்சி விளையாட்டுக்கும் கலைக்கும் பணம் ஒதுக்கியது. பெற்றோர் கூடிப் பேசித் தங்களுக்குள் சில ஒப்பந்தங்கள் செய்துகொண்டார்கள். குடிப்பழக்கத்தைக் குறைக்கத்தான் இது தொடங்கியது. ஆனால் பள்ளி, பெற்றோர், உள்ளாட்சி மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மாலை நேரத்தைக் கழிக்க ஒரு நல்ல இடமும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு பயிற்சியாளரும் கிடைத்த பிள்ளைக்குப் பாதுகாப்பு கூடுகிறது.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். 'பெற்றோர் ஒத்துழைப்பதில்லை' என்று எல்லாப் பள்ளிகளிலும் கேட்கிறேன். ஆனால் பள்ளியிலிருந்து போன் வந்தாலே ஏதோ புகார் என்றுதான் அவர்களுக்குப் பழக்கம். 1968-இல் ஜேம்ஸ் கோமர் என்ற குழந்தை மனநல மருத்துவர், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் மிகவும் பின்தங்கிய இரண்டு தொடக்கப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். பெற்றோரையும் ஆசிரியர்களையும் மனநலப் பணியாளர்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து மூன்று விதிகள் வைத்தார். யார் தப்பு என்று பேசக் கூடாது, என்ன செய்யலாம் என்று மட்டும் பேச வேண்டும். வாக்கெடுத்து ஒரு தரப்பைத் தோற்கடிக்காமல், எல்லாரும் ஒத்துக்கொள்ளும் முடிவுக்கு வர வேண்டும். தலைமையாசிரியரை முடக்காமலும் தலைமையாசிரியர் மற்றவர்களை அமுக்காமலும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் இதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. முதல் விதியை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் பாதிச் சண்டை ஓயும்.

முதல் போன் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஏறக்குறைய இப்படி: "வணக்கம்மா, ஸ்கூல்ல இருந்து பேசறேன். பயப்படாதீங்க, அடியெல்லாம் ஒண்ணுமில்ல, பிரியா நல்லாத்தான் இருக்கா. ரெண்டு மாசமா திங்கட்கிழமை காலைல வயிறு வலிக்குதுங்கறா, மதியம் தனியா உக்காந்திருக்கா. வீட்ல நீங்க ஏதாவது கவனிச்சீங்களா? உங்களுக்குத்தான் அவளை நல்லாத் தெரியும், அதான் கேக்கறேன்." கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறோம். 'டிப்ரஷன்' என்று சொல்லவில்லை, 'கவுன்சிலிங்குக்கு அனுப்பணும்' என்றும் சொல்லவில்லை. பெற்றோரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறோம். அடுத்த பேச்சில்தான் உதவியைப் பற்றிப் பேச்சு வரும், அதுவும் பெற்றோர் தாங்களே பார்த்ததைச் சொல்லத் தொடங்கிய பிறகு.

வெளி அமைப்பின் ஆளைப் பெற்றோருக்குப் பிரச்சினை வருவதற்கு முன்பே அறிமுகப்படுத்திவிடுங்கள். வருடத் தொடக்கப் பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம், பெயரும் முகமும் வருகிற கிழமையும். 'பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்' என்ற பயம், முன்பே பார்த்துப் பழகிய முகத்திடம் குறையும். அதேபோல் பிள்ளையை ஒரு சீட்டு கொடுத்து அனுப்புவதைவிட, பள்ளிக்குள்ளேயே அந்த ஆளிடம் நேரில் கூட்டிப்போய், 'இவர்தான் நான் சொன்னவர்' என்று சொல்லி, முதல் ஐந்து நிமிடம் கூட இருந்துவிட்டு வருவது எவ்வளவோ மேல்.

இப்போது எச்சரிக்கைகள். இதில் நான் கறாரானவன்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் பிள்ளைகளோடு தனியே விடாதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம், பெரிய மனிதரின் சிபாரிசு இருந்தாலும். பேசுகிற அறைக் கதவில் கண்ணாடி இருக்கட்டும்: உள்ளே இருப்பது தெரிய வேண்டும், பேசுவது கேட்கக் கூடாது. ரகசியம் பற்றிய விதியை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும்: நீ சொல்வது என்னோடு இருக்கும், உனக்கோ வேறு யாருக்குமோ உயிராபத்து என்றாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும், உன்னிடம் சொல்லிவிட்டு உதவக்கூடியவரிடம் சொல்வேன். இதை முதலிலேயே சொல்லாமல் பிறகு வெளியே சொன்னால், அந்தப் பிள்ளை மட்டுமல்ல, அவள் வகுப்பே இனி யாரிடமும் வாய் திறக்காது.

பரிந்துரைச் சீட்டில் என்ன எழுதுவது என்பதும் முக்கியம். பிள்ளையின் பெயர், வகுப்பு, கவனித்த மாற்றங்கள் இரண்டு மூன்று வரியில், எப்போதிலிருந்து, பெற்றோரிடம் பேசியாயிற்றா, தொடர்புகொள்ள வேண்டியவர் யார். அவ்வளவுதான். வீட்டுக் கதை வேண்டாம், உங்கள் ஊகமும் வேண்டாம். திரும்பி வருகிற தகவலும் அதேபோல் சுருக்கமாக: வந்தார், தொடர்ந்து வருகிறார், பள்ளியில் இன்னின்ன உதவி செய்யுங்கள். என்ன பேசினார்கள் என்பது பள்ளிக்குத் தேவையில்லை. இந்தத் தாள்களை மதிப்பெண் பதிவேட்டோடு வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பிள்ளை பெயரைப் போட்டு 'இவரைக் கவனியுங்கள்' என்று எழுதுவதை இன்றே நிறுத்துங்கள். கூட்டாளி அமைப்பு தன் விளம்பரத்துக்குப் பிள்ளைகளின் படமோ கதையோ கேட்டால் மறுத்துவிடுங்கள். இலவசமாக மனநலச் சோதனை நடத்தித் தருகிறோம், விவரங்களை மட்டும் எங்களிடம் கொடுங்கள் என்று வருகிற நிறுவனங்களை வாசலோடு அனுப்பிவிடலாம். சோதனை நடத்திப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டு, அனுப்ப இடம் இல்லாமல் நிற்பது, சோதிக்காமல் இருப்பதைவிட மோசம்.

நெருக்கடியைப் பற்றி முன்கூட்டியே பேசிவையுங்கள். ஒரு பிள்ளை 'வாழப் பிடிக்கவில்லை' என்று சொன்னால் அதை நேராகவே கேட்கலாம்: தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா? கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. பல பிள்ளைகளுக்கு யாராவது கேட்டார்களே என்ற ஆறுதல்தான் வரும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. யார் கூட இருப்பது, யார் பெற்றோரை அழைப்பது, எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றைக் கைக்கெட்டாமல் வைக்கும்படி பெற்றோரிடம் சொல்வது உயிரைக் காப்பாற்றுகிற வேலை; கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். மருத்துவமனையிலிருந்து பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முதல் வாரத்தையும் கூட்டாளியோடு சேர்ந்து திட்டமிடுங்கள். எல்லாப் பரீட்சையையும் ஒரே வாரத்தில் எழுதவைக்கிற பள்ளிகள் உண்டு.

பள்ளியில் ஒரு மரணம் நேர்ந்துவிட்டால், மறுநாளே எல்லா மாணவர்களையும் ஹாலில் உட்காரவைத்து நடந்ததை விலாவாரியாகப் பேசவைக்காதீர்கள். சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் கட்டாயமாகப் பேசவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. வகுப்பு வகுப்பாக, தெரிந்த ஆசிரியர், உண்மையான சுருக்கமான செய்தி, எப்படி நடந்தது என்ற விவரம் இல்லாமல், பேச விரும்புகிறவர்களுக்குத் தனி இடம். மிக நெருங்கிய நண்பர்களையும், ஏற்கெனவே கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகளையும் அந்த வாரமே கவுன்சிலர் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். அந்த நாளில் முதல் முறையாக ஒரு அமைப்பைத் தேடி போன் செய்கிற நிலை உங்களுக்கு வரக் கூடாது.

மாணவர்களையும் மேசைக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் அளவோடு. எங்கே பேசினால் சங்கடமாக இருக்கிறது, எந்த நேரத்தில் கவுன்சிலரைப் பார்க்கப் போனால் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தோழனுக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெரியவரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது என்று அவர்களுக்குச் சொல்லித்தரலாம். அதைத் தாண்டி 15 வயதுப் பிள்ளையை இன்னொரு 15 வயதுப் பிள்ளைக்குக் கவுன்சிலராக்குவது நியாயமில்லை. இரண்டு பேரும் மூழ்குவார்கள்.

கூட்டு நீடிப்பதற்கு ஒரு சூத்திரமும் கிடையாது. பள்ளியில் இரண்டு பேர், அமைப்பில் இரண்டு பேர் பொறுப்பில் இருக்க வேண்டும், ஏனென்றால் யாராவது ஒருவர் மாற்றலாகிப் போவார். மாதம் ஒரு மணி நேரம் கட்டாயம் சந்திக்க வேண்டும், தேர்வு மாதத்திலும். வருடம் முடியும்போது எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம், எத்தனை போஸ்டர் என்று எண்ணாதீர்கள். பரிந்துரைத்தவர்களில் எத்தனை பேர் முதல் சந்திப்புக்குப் போனார்கள், எத்தனை நாளில், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் போனார்கள் என்று பாருங்கள். முதல் சந்திப்புக்குப் போய் இரண்டாவதுக்குப் போகாதவர்கள் அதிகம் என்றால், அங்கே ஏதோ சரியில்லை. பிள்ளைகளையே கேளுங்கள், சொல்வார்கள்.

நிர்வாகத்துக்கான அந்த ஒரு பக்கம். மேலே, நீங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதிய வழியையும் அதில் அறுந்த இடங்களையும் போடுங்கள். அதன் கீழே இந்த வருடம் அடைக்கப்போகிற ஒரே ஒரு இடம், அதற்கு ஒரே ஒரு கூட்டாளி, எந்த வகுப்புகளில் தொடங்குகிறீர்கள். எட்டும் ஒன்பதும் போதும், முழுப் பள்ளியும் வேண்டாம். பிறகு நிர்வாகத்திடம் நீங்கள் கேட்பவை: கதவில் கண்ணாடி உள்ள ஓர் அறை, பொறுப்பாசிரியருக்கு வாரத்தில் இரண்டு பீரியட் குறைப்பு, வந்துபோகும் ஆளுக்குப் பயணச் செலவும் மதிப்பூதியமும், அவசரத்தில் தலைமையாசிரியரைக் கேட்காமலே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக எழுத்துமூல அனுமதி. கடைசி வரியில், வருடம் முடியும்போது நீங்கள் தரப்போகும் மூன்று எண்கள் எவை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பீரியட் குறைப்பை மட்டும் பேரம் பேசி விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். மற்ற எல்லாம் கிடைத்து அது கிடைக்காவிட்டால், இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு நேரம் இருக்காது.